இடஞ்சுழி

பகலில் ஒழுகாது.
சூடேறும்போது இரும்பு உப்பி
தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும்.
இரவு பதினொன்றுக்கு பாய்லர் அடங்கி
ஹார்லிங்கன் முழுக்கக் கடலின் ஈரம் இறங்கி
வீடு பதினைந்து டிகிரிக்கு வந்தபின்தான்
ஜன்னலடி ரேடியேட்டர்
ஒரு சொட்டு யோசிக்கும்.
யோசித்து, விடும்.

வெள்ளைவெளேரென்று புதுசு.
மூலையில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட
நான் இன்னும் உரிக்கவில்லை.
மாட்டியது என் தம்பி யெல்மர்.
பதினாறு வருஷம் இறால் படகில் கிடந்தவன்
படகை விற்றுவிட்டு
முப்பத்தெட்டு வயதில் பெஞ்சில் உட்கார்ந்து
குழாய் வேலைக்குச் சான்றிதழ் வாங்கினான்.
முதல் வேலை என் வீடு.
கூலி வேண்டாம் என்றான்.
வாங்கியிருந்தால் திட்டியிருக்கலாம்.

முதல் வாரம் தயிர் டப்பா வைத்தேன்.
இரண்டாம் வாரம் ரொட்டித் தட்டு.
மரத்தரையில் ஒரு பலகை
விளிம்பைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தது.
ஞாயிறு மதியம் அவன் வந்தான்,
ரேடியேட்டர் மேல் கைவைத்து
"நல்லாச் சுடுதில்ல?" என்றான்,
குதிரைக்குட்டியைத் தட்டுவதுபோல் தட்டினான்.
சுடுகிறது என்றேன்.
டப்பா சோபாவுக்குப் பின்னால் இருந்தது.

செவ்வாய், இரவு மூன்று மணி.
கழிவறைக் காகிதத்தில் ஒரு கீற்றுக் கிழித்து
இணைப்பு இணைப்பாக ஒற்றினேன்.
மேல் வால்வு, ஒன்றுமில்லை.
கீழ் நட்டு, அங்கும் இல்லை.
அதற்கும் உள்ளே, ரேடியேட்டருக்குள் திருகி ஏறும்
பித்தளைக் கழுத்தில்
பயறளவு ஈரம், சாம்பல் நிறத்தில்.
யாருமில்லாத அறையில்
"மாட்டினியா" என்றேன், சத்தமாகவே.

அடி வால்வை மூடும்போது சுற்றை எண்ணினேன்.
இரண்டேகால்.
மறந்துவிடாதிருக்கச் சுவரில் பென்சிலால் எழுதினேன்.
நட்டைத் தளர்த்தியதும்
பழைய குழாய்களின் கறுப்பெல்லாம்
எங்கே எங்கே என்றிருந்ததுபோல் வந்தது.
தட்டு, வாளி, என் கணுக்கால், போர்வை.
நல்ல போர்வை.

அறுகோணச் சாவியால் கழுத்தைத் திருகி உருவினேன்.
மரையில் சுற்றிய வெள்ளை டேப்
சுற்றிய இடத்தில் இல்லை.
பின்னுக்கு ஒதுங்கி
பூண்டுச் சருகாய்ச் சுருண்டு கிடந்தது.
நிறையத்தான் சுற்றியிருக்கிறான் பாவி,
பத்துச் சுற்றாவது இருக்கும்,
பத்தும் இடஞ்சுழியாக.
திருகத் திருக அது இறுகவில்லை,
அவிழ்ந்துகொண்டே போயிருக்கிறது.

பல் துலக்கும் பிரஷால் மரையைத் தேய்த்தேன்.
புது டேப், வலஞ்சுழியாக,
பல்லுக்குள் பதியும்படி இழுத்துப் பிடித்து.
ஒரு ஸ்பேனர் திருக
இன்னொன்று எதிர்த்துப் பிடிக்க
முழங்காலை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.
இரண்டேகால் திறந்தேன்.
காற்று உஸ்ஸென்று போய்
கடைசியில் என் முகத்தில் துப்பியது.
விடியும்வரை கழுத்தில் காகிதம் சுற்றிவைத்துக்
காவலிருந்தேன். நனையவில்லை.
சொல்வதில்லை என்று முடிவுசெய்துகொண்டு
வேலைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு, பட்டாணி சூப்.
யெல்மர் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"இரண்டேகால்" என்று வாசித்தான்.
அட, பென்சில்.
எழுந்துபோய்க் குனிந்து
பித்தளைக் கழுத்தைத் தடவினான்.
"எந்தப் பக்கமா சுத்தின?"
கடிகாரம் போற பக்கமா.
அவன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான்,
வேறு யாரோ விட்டுப்போன கைபோல.
இல்லாத டேப்பைக் காற்றில்
மெதுவாக ஒருமுறை சுற்றினான்.
"படகுலயும் சொல்வாங்க" என்றான்,
"நான் சுருட்டின கயித்தை
யாராலயும் பிரிக்க முடியாதுன்னு."

இதுவரை எத்தனை வீடு என்று கேட்டேன்.
விரல் விட்டு எண்ணினான்.
ஒரு கை போதவில்லை.

சூப்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது.
அவன் கோட்டை மாட்டிக்கொண்டு
என் ஸ்பேனர் இரண்டையும் எடுத்துக்கொண்டான்.
வாசல்வரை போய்ச் சொன்னேன்:
"இப்பப் போகாதே,
ஒண்ணும் தெரியாது.
ராத்திரி போ."